பிரதி இல்லாத படங்கள்: நாஞ்சில் நாட்டுக் கல்லூரி நூலகங்களும் ஓடிடி சினிமாவும்

நாஞ்சில் நாடனின் முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977இல் வெளிவந்தது. அதைத் தழுவித் தங்கர் பச்சான் எடுத்த 'சொல்ல மறந்த கதை' 2002இல் திரைக்கு வந்தது. ஜெயமோகனின் 'ஏழாம் உலகம்' 2003இல் வந்த நாவல். அதிலிருந்து சில மனிதர்களையும் உலகத்தையும் எடுத்துக்கொண்டு பாலா இயக்கிய 'நான் கடவுள்' 2009இல் வெளியானது. ஜெயமோகனின் 'துணைவன்' சிறுகதையிலிருந்து பிறந்தது வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகம். அது 2023 மார்ச் 31 அன்று திரையரங்குகளில் வெளியாகி, அடுத்த மாதமே ஜீ5 தளத்துக்கு வந்தது. தளத்தில் ஏறியது, கூடுதல் காட்சிகள் சேர்க்கப்பட்ட இயக்குநரின் பதிப்பு. திரையரங்கில் பார்த்தவர் கண்ட படத்திலிருந்து அது வேறுபட்டது.

நாகர்கோவிலில் தமிழ் முதுகலை படிக்கும் மாணவி ஒருவர், தன் ஊர் எழுத்தாளர்களின் கதைகள் திரைக்குப் போனபோது என்ன ஆயின என்று ஆராய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று கதைகளும் புத்தகமாகக் கல்லூரி நூலகத்தில் கிடைக்கும். முதலிரண்டு படங்களும் விசிடி, டிவிடி புழங்கிய காலத்தவை; தேடினால் ஒரு வட்டு அகப்படும். மூன்றாவதன் இயக்குநர் பதிப்பை நூலகம் வாங்கவே வழியில்லை. விலை அதிகம் என்பதோ விற்றுத் தீர்ந்துவிட்டது என்பதோ இதற்குக் காரணம் அன்று. நூலகத்துக்கு விற்கப்படும் ஒரு பொருளாக அது உருவாக்கப்படவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்த நிலையை ஆராய்கிறது. ஓடிடி தளத்தில் மட்டும் கிடைக்கும் படங்களைக் கல்லூரி நூலகங்கள் பாடத்துக்காகப் பெறுவதை எது தடுக்கிறது? சட்டம் எவ்வளவு இடம் தருகிறது? குமரி மாவட்டம் போன்ற ஓரப் பகுதியில் இருப்பவர்கள் செய்யக்கூடியது என்ன?

பிரதி இருந்த காலம்

கல்லூரிக்குள் படம் காட்டும் மரபு நமக்குப் புதியதன்று. 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு தொடங்கியது. 1964இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது. பி.கே. நாயர் வளர்த்தெடுத்த அந்தக் காப்பகம் படங்களைச் சேமித்ததோடு நிற்காமல், 16 மி.மீ. பிரதிகளைத் திரைப்படச் சங்கங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் இரவல் தந்தது. படச்சுருள் பெட்டி ரயிலில் வரும். காட்டி முடித்ததும் திரும்பிப் போகும். பிறகு வீடியோ கேசட், விசிடி, டிவிடி என்று வந்தபோது நூலகத்தின் வேலை இன்னும் எளிதானது. வட்டை வாங்கி, சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, அலமாரியில் வைத்தால் போதும். தயாரிப்பாளர் நொடித்தாலும் விநியோகஸ்தர் மாறினாலும் அலமாரியில் உள்ள வட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

நூலகம் என்ற அமைப்பே இந்த உடைமையின் மேல்தான் நிற்கிறது. 1893இல் கல்லூரியான ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியின் நூலகமும், 1952இல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியின் நூலகமும் பல தலைமுறை மாணவர்களுக்குப் பயன்பட்டது, ஒருமுறை வாங்கிய நூல் அங்கேயே இருந்ததால்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம் குமரி. அந்தப் பெருமையில் பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கும் பங்குண்டு.

நேரே தளத்துக்கு வந்த படங்கள்

கொரோனா முடக்கத்தில் திரையரங்குகள் மூடிக் கிடந்தபோது, 2020 மே 29 அன்று 'பொன்மகள் வந்தாள்' நேரே அமேசான் பிரைமில் வெளியானது. அதே ஆண்டு நவம்பரில் 'சூரரைப் போற்று', 2021 ஜூலையில் 'சார்பட்டா பரம்பரை', நவம்பர் 2 அன்று 'ஜெய் பீம்' என்று அந்த வரிசை நீண்டது. முடக்கம் முடிந்த பிறகும் அந்த வழி மூடப்படவில்லை. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருதை வென்று, அந்த ஆண்டின் ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் தேர்வாகவும் சென்ற படம். தமிழ் மக்கள் அதைப் பார்க்க முடிந்தது 2023 அக்டோபரில், சோனிலிவ் தளத்தில். முதுமலை தெப்பக்காடு யானைகள் முகாமில் எடுக்கப்பட்டு 2023இல் ஆஸ்கர் வென்ற 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' நெட்ஃபிளிக்ஸில் வெளியான படம்.

இவை பொழுதுபோக்குக்காக மட்டும் பார்க்க வேண்டிய படங்கள் இல்லை. 'ஜெய் பீம்' 1993இல் கடலூர் மாவட்டத்தில் நடந்த காவல் சித்திரவதையையும், வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு வழக்கையும் அடிப்படையாகக் கொண்டது. அரசியல் அறிவியல் வகுப்பில் ஆட்கொணர்வு மனு என்றால் என்னவென்று விளக்க அதைவிட நல்ல படம் தமிழில் அரிது. 'சார்பட்டா பரம்பரை' நெருக்கடி நிலைக் கால வடசென்னையைக் காட்டுகிறது. வரலாற்று மாணவர் அதை விமர்சனத்தோடு பார்த்து விவாதிக்க வேண்டும். 'கூழாங்கல்' வறண்ட நிலத்தில் நடக்கும் ஒரு தந்தையையும் மகனையும் கொண்டு, காட்சி மொழி என்றால் என்னவென்று சொல்லித்தரும். காணி மக்கள் வாழும் பேச்சிப்பாறை மலைகளைக் கொண்ட மாவட்டத்தின் சூழலியல் மாணவருக்கு, முதுமலையில் யானைகளோடு வாழும் காட்டுநாயக்கர் வாழ்க்கை தன் அயல்வீட்டுச் செய்தி.

ஆனால் இவற்றில் எதையும் நம் கல்லூரி நூலகம் விலைக்கு வாங்கிச் சேர்க்க முடியாது. தளங்கள் தனிமனிதருக்கும் குடும்பத்துக்கும்தான் சந்தா தருகின்றன. கல்லூரியின் பெயரில் சந்தா கேட்டால் அதற்கென்று ஒரு திட்டமே கிடையாது.

சட்டம் தருவதும் ஒப்பந்தம் தடுப்பதும்

நம் பதிப்புரிமைச் சட்டம் இந்த விஷயத்தில் தாராளமானது என்பது பல ஆசிரியர்களுக்கே தெரியாது. 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உரிமை மீறலாகாத செயல்களை வரிசைப்படுத்துகிறது. அதன் முதல் உட்பிரிவின் (ஜே) கூறு, கல்வி நிறுவனத்தின் நடவடிக்கைகளின்போது திரைப்படம் காட்டுவதை அனுமதிக்கிறது. பார்வையாளர்கள் அந்த நிறுவனத்தின் ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்கள், பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தின் பணிகளோடு தொடர்புடையவர்கள் ஆகியோராக இருந்தால் போதும். இதற்கு முன் அனுமதி வேண்டாம், கட்டணமும் வேண்டாம். (ஐ) கூறு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பாடத் தொகுப்புகளை நகலெடுத்துக் கொடுத்த கடைமீது பெரிய பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தக் கூறுக்கு விரிவான பொருள் தந்தது. வகுப்பறையில் பேசும் நேரத்தோடு கற்பித்தல் முடிந்துவிடுவதில்லை என்று அது ஏற்றுக்கொண்டது.

ஆகவே வகுப்பில் 'ஜெய் பீம்' காட்டுவது பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் தவறன்று. தடை வேறொரு இடத்திலிருந்து வருகிறது. சந்தா கட்டும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தம் படத்தைத் தனிப்பட்ட, வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்துகிறது. நாடாளுமன்றம் ஆசிரியருக்குத் தந்த உரிமையை ஒரு நிறுவனத்தின் விதிமுறைப் பக்கம் செல்லாமல் ஆக்குகிறது. கல்விக்கான விதிவிலக்குகளை ஒப்பந்தத்தால் முறியடிக்கக் கூடாது என்று சொல்லும் தெளிவான பிரிவு நம் சட்டத்தில் இல்லாதது இதற்கு வாய்ப்பாகிறது.

இன்னொரு தடை தொழில்நுட்பம். 2012 திருத்தத்தில் சேர்ந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டுவரை சிறை என்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்துக்காக அதைச் செய்யலாம் என்ற விலக்கும் அதே பிரிவில் உண்டு. ஆனால் அந்த விலக்கை நம்பி மென்பொருள் தேடிக் களமிறங்கக் கூடிய கல்லூரி நூலகர் யார்? அதே திருத்தத்தில் வந்த (என்) கூறு, பாதுகாப்புக்காக ஒரு படைப்பை மின்வடிவில் சேமிக்க லாப நோக்கமற்ற பொது நூலகத்துக்கு அனுமதி தருகிறது. அதற்கொரு நிபந்தனை: நூலகத்திடம் முன்பே மின்வடிவமல்லாத பிரதி ஒன்று இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்தே மின்வடிவில் மட்டும் வாழும் படத்துக்கு இந்தச் சலுகையால் பயனே இல்லை.

நடைமுறையில் நடப்பது என்ன? பேராசிரியர் தன் சொந்தக் கணக்கில் படத்தைப் போடுகிறார். பாதுகாப்பு மென்பொருள் ப்ரொஜெக்டரை ஏற்காவிட்டால் ஒலி மட்டும் கேட்கும். திரை கறுத்துக் கிடக்கும். இல்லையென்றால் யாரோ ஒரு மாணவர் டெலிகிராமில் இறக்கிய பிரதியைப் பென்டிரைவில் கொண்டுவருகிறார். முதல் வழி ஆசிரியரின் சம்பளத்தையும் நல்லெண்ணத்தையும் நம்பி நிற்கிறது. இரண்டாவது வழி திருட்டுக்குக் கல்லூரியின் ஒப்புதலைத் தருகிறது. இரண்டிலும் நூலகத்துக்கு இடமே இல்லை. வீட்டில் சந்தா உள்ள மாணவர் ஒரு படத்தைப் பத்து முறை நிறுத்திப் பார்த்துக் கட்டுரை எழுதுவார். தூத்தூரிலோ குளச்சலிலோ மீன்பிடிக் குடும்பத்திலிருந்து வரும் மாணவர் வகுப்பில் ஒருமுறை பார்த்த நினைவிலிருந்து எழுத வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கத்தான் கல்லூரிகளில் நூலகங்கள் தொடங்கப்பட்டன.

தளத்தில் இருப்பதும் நிலையில்லை. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பர் இறுதியில் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் 2024 ஜனவரியிலேயே எடுக்கப்பட்டது. அந்தப் படம் சரியா தவறா என்று வகுப்பில் விவாதிக்க நினைத்த ஆசிரியருக்கு விவாதப் பொருளே கையில் இல்லாமல் போனது. 2025 பிப்ரவரியில் ஹாட்ஸ்டாரும் ஜியோசினிமாவும் இணைந்து ஒரே தளமாயின. இப்படித் தளங்கள் கைமாறும்போது எந்தப் படம் தங்கும், எது போகும் என்பதைக் கல்வியாளர்கள் யாரும் தீர்மானிப்பதில்லை.

நாஞ்சில் நாடு கண்ட இரண்டு முடிவுகள்

பிரதி யார் கையில் இருக்கிறது என்பது ஒரு படத்தின் ஆயுளை எப்படித் தீர்மானிக்கும் என்பதற்கு இந்த மண்ணிலேயே இரண்டு சான்றுகள் உண்டு.

அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் தன் சொத்தை விற்று எடுத்த 'விகதகுமாரன்' மலையாளத்தின் முதல் திரைப்படம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் திரையரங்கில் அது திரையிடப்பட்டபோது, ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காதவர்கள் கலகம் செய்தார்கள். ரோசி ஊரைவிட்டே துரத்தப்பட்டார். டேனியல் கடனாளியாகிப் பல் மருத்துவராகப் பிழைத்து, 1975இல் அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். அவர் பெயரில் கேரள அரசு 1992இல் விருது நிறுவியது. 2013இல் கமல் அவருடைய வாழ்க்கையை 'செல்லுலாய்ட்' என்ற படமாக எடுத்தார். ஆனால் 'விகதகுமாரன்' இன்று இல்லை. வீட்டில் கிடந்த பிரதி தீக்கிரையானது. ரோசியின் முகம் திரையில் எப்படி இருந்தது என்று எந்த மாணவரும் இனிப் பார்க்க முடியாது.

அடுத்தது 'மார்த்தாண்ட வர்மா'. டேனியலின் உறவினரான ஆர். சுந்தர்ராஜ் நாகர்கோவிலின் ஸ்ரீ ராஜேஸ்வரி பிலிம்ஸ் சார்பில் தயாரிக்க, பி.வி. ராவ் இயக்கிய மௌனப்படம். சி.வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாவலின் திரை வடிவம். தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையோடு பிணைந்த அரச வரலாறுதான் கதை. 1933இல் படம் வெளியானபோது, நாவலின் உரிமையை வைத்திருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குத் தொடுத்தது. படம் நிறுத்தப்பட்டது, பிரதி புத்தக நிலையத்தின் கைக்குப் போனது. தயாரிப்பாளருக்கு அது பெரும் வீழ்ச்சி. ஆனால் பிரதி அங்கேயே பல பத்தாண்டுகள் கிடந்து, 1974இல் புனே காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. தென்னிந்திய மௌனப்படங்களில் ஏறக்குறைய முழுமையாக இன்று எஞ்சியிருப்பது அதுதான். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' போய்விட்டது, முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' போய்விட்டது. 'மார்த்தாண்ட வர்மா' இருக்கிறது.

பதிப்புரிமை வழக்கே ஒரு படத்தை முடக்கியது. அதே வழக்கில் ஒரு பிரதி புத்தக நிலையத்தின் கையில் தங்கியதால்தான் படம் பிழைத்தது. இன்றைய ஓடிடி படம் இப்படி ஒரு வழக்கில் சிக்கினால், நிறுவனத்தின் கணினியிலிருந்து ஒரு கட்டளையில் மறையும். எந்தப் புத்தக நிலையத்திலும், எந்த நூலகத்திலும் அதன் பிரதி கிடக்காது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போயாக வேண்டும். திரைப்படத்துக்கு அப்படிக் கட்டாயச் சேர்ப்புச் சட்டம் இல்லை. நூல்களுக்கு 1954இலேயே கிடைத்த பாதுகாப்பு படங்களுக்கு இன்றும் கிடைக்கவில்லை.

மற்ற நாடுகளின் அனுபவம்

பிற நாட்டு நூலகங்கள் இதே சிக்கலைச் சந்தித்துச் சில வழிகளைக் கண்டுள்ளன. ஆஸ்திரேலியாவில் 2008இல் தொடங்கிய கனோபி என்ற சேவை, பல்கலைக்கழகங்களுக்கென்றே படங்களை இணையத்தில் தருகிறது. மாணவர்கள் ஒரு படத்தைச் சில முறை பார்த்ததும், ஓராண்டு உரிமத்துக்கான கட்டணம் நூலகத்தின் கணக்கில் விழும். பார்வை கூடக் கூடச் செலவு கட்டுக்கடங்காமல் போயிற்று. பொது நூலகங்களிலும் பார்வைக்கு ஏற்பக் கட்டணம் விழுந்தது. நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் செலவைத் தாங்காமல் 2019 ஜூலையில் அந்தச் சேவையைக் கைவிட்டன. நம் கல்லூரிகள் இதில் கற்க வேண்டியது: எத்தனை பேர் பார்த்தாலும் மாறாத ஆண்டுக் கட்டணம் இல்லாத திட்டத்தில் சேரக் கூடாது.

பிரிட்டனில் தொலைக்காட்சி, வானொலி ஒளிபரப்புகளைப் பதிவுசெய்து பாடத்துக்குப் பயன்படுத்தக் கல்வி நிறுவனங்கள் ஒரே கூட்டு உரிமத்தைப் பெறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த பதிப்புரிமை நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போனது. இணையவழிக் கற்பித்தலுக்கான விதிவிலக்கை முறியடிக்கும் ஒப்பந்த விதி எதுவும் செல்லாது என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. நம் சட்டத்துக்குத் தேவைப்படும் வாக்கியம் இதுவே.

தளங்களிடமும் சிறு அசைவு உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தன் ஆவணப்படங்களில் சிலவற்றுக்குக் கல்வித் திரையிடல் அனுமதி தருகிறது. கட்டணம் வாங்கக் கூடாது, அரசியல் பிரச்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, சந்தாதாரர் ஒருவரின் கணக்கில்தான் காட்ட வேண்டும் என்பவை நிபந்தனைகள். பட்டியல் குறுகியது, கதைப்படங்களுக்கு அது பொருந்தாது. ஆனாலும், கல்விக்குக் கதவைத் திறந்தால் வியாபாரம் கெட்டுவிடாது என்பதை அந்த நிறுவனமே இதன் மூலம் ஒப்புக்கொள்கிறது.

செய்ய வேண்டியவை

மத்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள், 6,300 நிறுவனங்கள். தனித்தனிக் கல்லூரியால் பேச முடியாத விலையை அரசு மொத்தமாகப் பேசி முடித்தது. அதே வழியில் திரைப்படங்களுக்கும் ஒரு கல்விச் சந்தா உருவாக்க முடியும். ஆய்விதழ் திட்டத்தின் முதல் கட்டம் அரசு நிர்வகிக்கும் நிறுவனங்களுக்கானது. குமரி மாவட்டத்தின் மூத்த கல்லூரிகளோ பெரும்பாலும் திருச்சபைகளும் அறக்கட்டளைகளும் நடத்துபவை. படத்துக்கான சந்தா வரும்போது உதவிபெறும் கல்லூரிகளையும் முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டும்.

தமிழ்நாடு அரசுக்கு இதில் முன்னனுபவம் உண்டு. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் மாதந்தோறும் திரையிடப்பட்டு, மாணவர்கள் விமர்சனம் எழுதவும் பழக்கப்படுகிறார்கள். பள்ளியில் அப்படிப் பழகிய மாணவர் கல்லூரிக்கு வரும்போது நூலகத்தில் படம் இருக்க வேண்டாமா? பக்கத்து மாநிலமான கேரளம் 2024 மார்ச்சில் சிஸ்பேஸ் என்ற அரசு ஓடிடி தளத்தைத் தொடங்கிவிட்டது. தமிழ்நாடும் அப்படி ஒரு தளம் அமைத்து, மாநில விருதும் மானியமும் பெறும் படங்களின் கல்விப் பிரதியை அதில் வைப்பதைக் கட்டாயமாக்கலாம். பொதுப் பணத்தில் பங்கு பெற்ற படம் பொதுக் கல்விக்குக் கிடைப்பது நியாயம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்காமல் நூலகங்கள் தாமே செய்யக்கூடியவையும் உண்டு. நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் நூலகர்கள் ஒன்றுகூடி, பாடத்துக்கு வேண்டிய படங்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடலாம். சுயாதீன ஆவணப்பட இயக்குநர்கள் பலர் தம் படத்தின் உரிமையைத் தாமே வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு நேரே கடிதம் எழுதி, நியாயமான தொகை கொடுத்து, நிரந்தரக் கல்விப் பிரதி பெறலாம். கலைஞனுக்குப் பணமும் போகும், நூலகத்துக்குப் படமும் வரும்.

பழைய படங்களில் வழி இன்னும் எளிது. இந்தியாவில் திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1957இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியான எல்லாப் படங்களுக்கும், படம் என்ற அளவில், அந்தக் காலம் முடிந்துவிட்டது. பாடல்களுக்கும் கதைகளுக்கும் தனி உரிமை தொடரலாம் என்பதைக் கவனத்தில் கொண்டு, கலைவாணர் படங்களின் நல்ல பிரதிகளைத் திரட்டி அவர் பிறந்த ஊரில் ஒரு தொகுப்பு அமைக்கலாம். நம் மாவட்டத்துக் கல்லூரிகள் கூட்டாக எடுத்துச் செய்யத் தகுந்த முதல் பணி அது.

மேலே சொன்னவற்றில் மிக அவசரமானவை மூன்று. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தரும் கல்வி உரிமையை எந்த ஒப்பந்தமும் பறிக்க முடியாது என்று நாடாளுமன்றம் ஒரு வரி சேர்க்க வேண்டும். தணிக்கை பெற்றாலும் நேரே தளத்தில் வந்தாலும், இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு படத்தின் பிரதியும் தேசியக் காப்பகத்தில் சேர வேண்டும். சட்டம் அதைக் கட்டாயமாக்க வேண்டும். கல்லூரிகளுக்கு மாறாத கட்டணத்தில் கூட்டுச் சந்தா வேண்டும். ஆசிரியர் சங்கங்களும் நூலகர்களும் எழுத்தாளர்களும் இந்த மூன்றையும் கோரிக்கையாக எழுதித் தம் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் மாநில உயர்கல்வித் துறையிடமும் தர வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து எழும் கோரிக்கைதான் மாநிலத்தின் கோரிக்கையாக வளரும். அதை எழுதும் பொறுப்பைக் குமரி மாவட்டக் கல்லூரிகள் முதலில் ஏற்கட்டும்.